25 வயது சுந்தராம்பாள்: ஓர் ஓராள் நாடகத்தின் கட்டமைப்பு

கே.பி. சுந்தராம்பாள் என்றதும் நினைவுக்கு வருவது கையில் கோல், நெற்றி நிறைய திருநீறு, நரைத்த தலை. 1953இல் வெளிவந்த ‘அவ்வையார்’ படம் பதித்துவிட்டுப் போன உருவம் அது. அவரைப் பற்றி ஓராள் நாடகம் போட நினைக்கும் குழு முதலில் தேடுவது 55, 60 வயதுள்ள, கனத்த குரல் கொண்ட நடிகையை. நாடகம் அங்கேயே பாதி தோற்றுவிடுகிறது. 1908இல் கொடுமுடியில் பிறந்தவர் அவர். கணவரும் நாடக நடிகருமான செங்கோட்டை கிட்டப்பா 1933 டிசம்பர் 2 அன்று இறந்தபோது சுந்தராம்பாளுக்கு வயது 25. கிட்டப்பாவுக்கு 27. வெள்ளைச் சேலைக்கு மாறியதும், இனி ஆண் நடிகருடன் ஜோடியாக நடிப்பதில்லை என்று முடிவெடுத்ததும் அந்த 25 வயதுப் பெண். அவ்வையாராக வந்தபோதுகூட அவருக்கு 44தான்.

இங்கே ஆய்வுக்கு எடுத்துக்கொள்வது, அந்த 25 வயதை மையமாக வைத்துக் கட்டிய 75 நிமிட நாடகத்தை. இடைவேளை கிடையாது. மேடையில் ஒரு நடிகை, ஓர் ஆர்மோனியக்காரர். ஆர்மோனியக்காரர் கடைசிவரை ஒரு சொல்லும் பேசமாட்டார். நடிகைக்கு 25 முதல் 35 வயதுக்குள் இருக்க வேண்டும். கதை 1935இல் ‘நந்தனார்’ படத்துக்குச் சம்மதிக்கும் இடத்தோடு நின்றுவிடுகிறது. அவ்வையார் இல்லை, ‘பழம் நீயப்பா’ இல்லை, சட்டமேலவை இல்லை, 1970இன் பத்மஸ்ரீ இல்லை. ‘துணைவன்’ படத்துக்குக் கிடைத்த தேசிய விருதும் இல்லை. விருதுகள் மேடையில் எதையும் நகர்த்துவதில்லை. யாரோ கொடுக்கிறார்கள், இவர் வாங்கிக்கொள்கிறார், அவ்வளவுதான். அவற்றுக்கு நிகழ்ச்சிக் குறிப்புத் தாளில் நான்கு வரி போதும்.

யாரிடம் பேசுகிறார்?

வாழ்க்கை வரலாற்று ஓராள் நாடகங்கள் பெரும்பாலும் சரிவது இந்தக் கேள்வியில்தான். நடிகை மேடை நடுவில் நின்று, “நான் கொடுமுடியில் பிறந்தேன், சிறு வயதில் தந்தையை இழந்தேன்” என்று பார்வையாளரைப் பார்த்துச் சொல்லத் தொடங்கினால் பத்தாவது நிமிடத்தில் அது பாடப்புத்தகம். தகவல் எல்லாம் சரியாகவே இருக்கும். ஆனால் அதை இப்போது, இந்த இரவில், அவர் ஏன் சொல்ல வேண்டும் என்பதற்குக் காரணம் இருக்காது.

விடியவிடிய நடக்கும் இசை நாடகமான ஸ்பெஷல் நாடக மரபிலேயே இதற்கு வழி இருக்கிறது. அங்கே ஆர்மோனியக்காரர் மேடையோரம் எல்லோர் கண்ணுக்கும் தெரியும்படி உட்கார்ந்திருப்பார். ராஜபார்ட்டும் (கதாநாயகன்) ஸ்திரீபார்ட்டும் (கதாநாயகி) பபூனும் (கோமாளி) வந்து வந்து போவார்கள், ஆர்மோனியப் பெட்டிக்காரர் மட்டும் விடியவிடிய அங்கேயே இருப்பார். நடிகர்கள் அவரிடம் பேசுவார்கள், சுருதி கேட்பார்கள், சமயத்தில் முறையிடுவார்கள். இந்த நாடகத்தில் சுந்தராம்பாள் பேசுவது அவரிடம்தான். பழைய நாடக நாட்களிலிருந்தே கூட வாசித்தவர், அவருக்குக் கதை ஏற்கெனவே தெரியும். அதனால் தகவல் சொல்லும் வேலை தானாகக் கழன்றுவிடுகிறது. தெரிந்த ஆளிடம் யாரும் பிறந்த ஊரைச் சொல்லமாட்டார்கள். மறுக்க வேண்டியதையும் ஒப்புக்கொள்ள வேண்டியதையும்தான் சொல்வார்கள்.

சூழல் ஒரே இரவு, ஓர் அறை. படத்தில் நடிக்கக் கேட்டு ஒப்பந்தத் தாள் வந்திருக்கிறது. சம்பளம் ஒரு லட்சம் ரூபாய். அன்று நினைத்துப் பார்க்க முடியாத தொகை. வேடம் நந்தனார், ஆண் வேடம், ஆகவே ஜோடி என்ற பேச்சே இல்லை. பல தமிழ்ப் படங்கள் கல்கத்தா, பம்பாய் ஸ்டூடியோக்களில் எடுக்கப்பட்ட காலம் அது. பின்னணிக் குரல் நம் படங்களில் நிலைபெறாத காலமும்கூட. பாடிக்கொண்டேதான் நடிக்க வேண்டும். மேடையை விட்டு ஒதுங்கியவர் காமிராவுக்கு முன் பாடப் போகலாமா? நாடகத்தின் கேள்வி இது ஒன்றே. மற்றதெல்லாம் இந்தக் கேள்விக்குள் எழும் நினைவுகள்.

இப்படி ஓர் இரவு நடந்ததாக ஆவணம் கிடையாது. சம்பளமும் வேடமும் வரலாறு, அறையும் இரவும் நாடகம். இதை நிகழ்ச்சிக் குறிப்பில் ஒரு வரியில் சொல்லிவிட வேண்டும். ரயிலில் பாடிய சிறுமியை ஒருவர் கண்டெடுத்தார் என்ற கதையும் ஆளுக்கு ஒரு விதமாகச் சொல்லப்படுகிறது. ஒன்றைத் தேர்ந்தெடுத்து உண்மை என்று நிறுத்தாமல், “என்னைப் பத்தி இப்படி ஒரு கதை சொல்றாங்களாமே” என்று அவர் வாயாலேயே அதைப் பேச வைத்தால் பிழையும் இல்லை, பாத்திரத்துக்கும் ஒரு குணம் கிடைக்கிறது.

எதை விட்டோம், ஏன்

கொடுமுடி வீட்டுக்குக் காந்தி வந்ததும், தங்கத் தட்டில் உணவு பரிமாறியதும், அவர் அந்தத் தட்டையே கேட்டு வாங்கியதும் எல்லோரும் எதிர்பார்க்கும் காட்சி. சொல்லக் கேட்க இனிமையான நிகழ்ச்சி. ஆனால் அதில் செயல் முழுக்கக் காந்தியுடையது. கேட்பவர் அவர், வாங்குபவர் அவர். மேடையில் இருக்கும் ஒரே ஆள் தட்டைக் கொடுப்பதோடு சரி. ஓராள் நாடகத்தில் எந்தக் காட்சிக்கும் முதல் சோதனை இதுதான்: முடிவெடுப்பவர் மேடையில் இருக்கிறாரா? இல்லை என்றால் காட்சி எவ்வளவு புகழ்பெற்றதானாலும் வெட்டலாம்.

கிட்டப்பாவுடன் நேர்ந்த பிணக்கை வெட்டக் கூடாது. 1926இல் இலங்கை மேடையில் சேர்ந்து நடித்தார்கள், 1927இல் மணந்தார்கள். கிட்டப்பாவுக்கு முன்பே மணமாகியிருந்தது. குழந்தை பிறந்து இறந்தது, பிரிவு வந்தது. இதையெல்லாம் மழுப்பி ‘தெய்வீகக் காதல்’ ஆக்கிவிட்டால் வெள்ளைச் சேலைக்குப் பொருள் குறைந்துபோகிறது. கோபம் இருந்த இடத்திலிருந்தே அந்த முடிவு வந்தது என்று காட்டும்போதுதான் அதன் கனம் தெரியும். குழந்தையைப் பற்றிப் பிரதியில் மொத்தம் மூன்று வரி. அதற்கு மேல் போனால் நடிகை அழுவார், பார்வையாளர் அழமாட்டார்.

பிரதியின் அளவு

75 நிமிடத்தில் பாட்டுக்குப் 18 நிமிடம், மௌனத்துக்கும் பொருட்களைக் கையாள்வதற்கும் 6 நிமிடம். மீதி 51 நிமிடம் பேச்சு. தமிழில் அவசரமில்லாமல் மேடையில் பேசினால் நிமிடத்துக்கு 90 முதல் 100 சொல் போகும். ஆகவே பிரதி 5000 சொல்லைத் தாண்டக் கூடாது. 7000 சொல் எழுதிவிட்டு வேகமாகப் பேசிச் சமாளிக்கலாம் என்று நினைத்தால் முதலில் பலியாவது பாட்டு. மூச்சு வாங்கிக்கொண்டே பாட்டை எடுத்தால் சுருதி தாழும்.

நாடகம் ஐந்து பகுதி. ஒவ்வொன்றும் ஒரு பொருளைக் கையில் எடுப்பதோடு தொடங்குகிறது: ஒப்பந்தத் தாள், ட்ரங்குப் பெட்டி, அதற்குள் இருக்கும் வண்ணச் சேலை, கடிதக் கட்டு, மறுபடியும் ஒப்பந்தத் தாள். இது அழகுக்காகச் செய்ததல்ல. ஓராள் நாடகத்தில் வரி மறந்தால் எடுத்துக் கொடுக்க எதிரே ஆள் இல்லை. அடுத்த பொருள் கண்ணெதிரே இருந்தால் அடுத்த பகுதி நினைவுக்கு வந்துவிடும். அதற்கும் மேல் ஒரு காப்பு: ஆர்மோனியக்காரர் வெறும் ச-ப மட்டும் இரண்டு முறை நீட்டிப் பிடித்தால், “விட்டதை விடு, அடுத்த பொருளுக்குப் போ” என்று பொருள். பார்வையாளருக்கு அது சுருதி சேர்ப்பது போலத்தான் கேட்கும்.

பேச்சு மொழியில் கொங்கு வாடை தேவை, ஆனால் ஐந்து வரிக்கு ஒன்றில் போதும். அதற்கு மேல் ஏற்றினால், திரைப்படங்கள் கொங்குத் தமிழை நகைச்சுவைக்கே அதிகம் பயன்படுத்திய பழக்கத்தால், சிரிக்கக் கூடாத இடத்தில் சிரிப்பு எழும். “நீங்க ஒண்ணும் சொல்லாட்டியும் பரவால்லீங்ணா, பெட்டிய மட்டும் மூடிறாதீங்க” என்ற அளவு போதுமானது. நினைவுக்குள் போய் நாடக வரிகளைச் சொல்லும்போது மொழி அப்படியே பழைய மேடைத் தமிழுக்கு ஏற வேண்டும். இந்த இரண்டு மொழிக்கும் நடுவே நடிகை எப்படித் தாவுகிறார் என்பதில்தான் பாதி நடிப்பு இருக்கிறது.

தர்க்கக் காட்சி

நாடகத்தின் நடுநாயகம் 34ஆவது நிமிடத்தில் வரும் வள்ளி திருமணத் தர்க்கம். தினைப்புனத்தில் பறவைகளை விரட்ட ஆலோலம் பாடி நிற்கும் வள்ளியிடம் வேடனாக முருகன் வந்து வம்பு வளர்க்கும் கட்டம். சுந்தராம்பாள் வள்ளி, கிட்டப்பா வேலன். ஒருவர் அடிக்கு மற்றவர் எதிரடி பாட, ஊரே விழித்திருந்து கேட்ட பகுதி.

ஒரே ஆள் இதை எப்படிச் செய்வது? கைக்கு எளிதாக வரும் வழிகள் இரண்டு, இரண்டுமே வேண்டாம். ஒன்று, நடிகை குரலை மாற்றி வேலனையும் தானே பாடுவது. அது பலகுரல் நிகழ்ச்சி ஆகிவிடும். மற்றொன்று, பதிவு செய்த ஆண் குரலை ஒலிபெருக்கியில் விடுவது. அது அடக்கம் செய்தவரை எழுப்பி உட்காரவைப்பது போல் இருக்கும்.

இங்கே செய்திருப்பது இது. வள்ளியின் அடியை நடிகை பாடுகிறார். வேலனின் அடி வரவேண்டிய இடத்தில் யாரும் பாடுவதில்லை. ஆர்மோனியம் மட்டும் அந்த அடியின் மெட்டை இரண்டு ஆவர்த்தனம், அதாவது இரண்டு தாளச் சுற்று, வாசிக்கிறது. நடிகை அப்போது ஆர்மோனியக்காரரைப் பார்ப்பதில்லை. தனக்கு வலப்புறம், ஓர் ஆள் உயரத்தில், நான்கடி தள்ளி ஓரிடத்தைப் பார்த்துக் கேட்கிறார். கேட்டு முடித்துவிட்டுத்தான் அடுத்த அடி. இப்படி மூன்று சுற்று. நான்காவது சுற்றில் ஆர்மோனியமும் வாசிப்பதில்லை. அதே இரண்டு ஆவர்த்தனம் வெறுமையாகக் கழிகிறது. நடிகை அதே இடத்தைப் பார்த்துக்கொண்டே நிற்கிறார். பிறகு தன் அடியைப் பாடாமல், வெறும் பேச்சாகச் சொல்கிறார். கிட்டப்பாவின் மரணம் நாடகத்தில் சொல்லப்படுவது இவ்வளவுதான்.

இது தவறுவது இரண்டு விதத்தில். முதலாவது, நடிகையின் கண் உயரம் சுற்றுக்குச் சுற்று மாறுவது. ஒரு தடவை ஆறடி, அடுத்த தடவை ஐந்தடி என்று பார்வை இறங்கினால் எதிரே ஆள் இருந்த உணர்வு கலைந்துவிடும். ஒத்திகையில் அந்த இடத்தில் ஒரு கம்பை நட்டு, அதில் கண் உயரத்துக்குத் துணி கட்டிப் பழக வேண்டும். அரங்குக்குப் போனதும், அதே கோட்டில் பக்கச் சுவரிலோ படுதாவிலோ ஒரு புள்ளியைக் குறித்துக்கொள்ளலாம். இரண்டாவது, வெறுமையான சுற்றைப் பயந்து சுருக்குவது. ஆதி தாளத்தில் இரண்டு ஆவர்த்தனம் நடுத்தர காலத்தில் பத்துப் பன்னிரண்டு நொடி. மேடையில் நிற்பவருக்கு அது ஒரு நிமிடம் போலத் தோன்றும். ஆர்மோனியக்காரர் தொடையில் விரலால் தாளம் போட்டு எண்ண வேண்டும். நடிகை அந்த விரல் நின்ற பிறகே வாய் திறக்க வேண்டும்.

குரல்

சுந்தராம்பாளின் குரலைப் பின்பற்றிப் பாடக் கூடாது. இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது. அந்தக் கணீரென்ற குரல் இன்னும் காதில் இருப்பவர்கள்தான் பார்வையாளர். ஒப்பிட்டால் எந்த நடிகையும் தோற்பார். ஒலித்தட்டிலிருந்து அவர் குரலை நாடகத்துக்குள் ஒரு தடவை ஒலிக்கவிட்டாலும் அதே கதிதான். அதன் பிறகு நடிகை பாடும் ஒவ்வொன்றும் குறைவாகவே கேட்கும். கட்டாயம் வேண்டும் என்றால், மக்கள் உள்ளே வந்து உட்காரும் நேரத்தில் போட்டு, மணி அடிப்பதற்குப் பத்து நிமிடம் முன்பே நிறுத்திவிடலாம்.

நடிகைக்கு இயல்பான சுருதி ஐந்தரைக் கட்டை (கட்டை என்பது சுருதியின் உயரத்தைச் சொல்லும் அளவு) என்றால் நாடகத்துக்கு ஐந்து வைப்பது நல்லது. அரை மணி நேரம் தொடர்ந்து பேசிய குரல் உச்சத்தில் இறுகும். ஆர்மோனியத்தில் அரைக் கட்டை இறக்குவது பக்கத்துக் கட்டைக்கு நகர்வதுதான் என்றாலும், விரல் பழக்கம் முழுக்க மாறும். முதல் ஒத்திகையிலேயே முடிவு செய்துவிட வேண்டும். உச்ச ஸ்தாயிப் பாட்டு எதையும் 45ஆவது நிமிடத்துக்குப் பிறகு வைக்கவில்லை. கடைசியில் வரும் ‘வருகலாமோ ஐயா’ மாஞ்சி ராகம். கீழ், மத்திய ஸ்தாயிகளிலேயே நிதானமாக உலவலாம், களைத்த குரலுக்கும் கட்டுப்படும். கோயிலுக்குள் வரலாமா என்று நந்தன் கேட்கும் அந்த வரியைத்தான் ஒப்பந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு அவர் பாடிப் பார்க்கிறார். பாடி முடித்ததும் கையெழுத்து. விளக்கம் எதுவும் பேச வேண்டாம்.

தண்ணீர் செம்பில் மேடையிலேயே இருக்கிறது, வெதுவெதுப்பாக. எந்த வரிக்குப் பின் குடிக்க வேண்டும் என்று பிரதியில் நான்கு இடத்தில் குறித்திருக்கிறது.

மைக் விஷயத்தில், கன்னத்தோடு ஒட்டும் ஹெட்செட் மைக் சரி. சேலை மடிப்பில் குத்தும் காலர் மைக் வேண்டாம். கஞ்சி போட்ட பருத்தி அசையும்போதெல்லாம் சரசரக்கும். ஒலி அளவை மிக உரத்த பாட்டுக்கு முதலில் சரிசெய்துவிட்டு, பேச்சுக்கு அதிலிருந்து கூட்டிக்கொள்ள வேண்டும். தலைகீழாகச் செய்தால் உச்சத்தில் ஒலி பிளக்கும். 200 பேர் உட்காரும் அரங்கானால் ஆலோலப் பாட்டை மைக் இல்லாமலே பாடலாம். ஒலிபெருக்கி பரவாத காலத்து நாடக மேடையில் கடைசி வரிசைவரை குரலால்தான் எட்டினார்கள் என்பது சொல்லாமலே விளங்கும். மின்விசிறி ஓடும் மண்டபத்தில் இதை முயலவே கூடாது.

வெள்ளைச் சேலை

கடையில் வாங்கும் தூய வெள்ளைச் சேலை மேடையில் வெள்ளையாகத் தெரியாது. எல்.இ.டி. விளக்கில் நீலம் பாய்ந்து பளிச்சிடும், நடிகையின் முகம் கறுத்துத் தெரியும். துணி ஆலையில் சேர்க்கும் வெண்மையூட்டியும், வீட்டில் வெளுக்கும்போது போடும் சொட்டு நீலமுமே காரணம். சாயம் ஏற்றாத, வெளுக்காத காடாத் துணியைச் சேலை நீளத்துக்கு, ஐந்தரை மீட்டர் வாங்கி, இரண்டு முறை அலசி, ஆறு லிட்டர் வெந்நீரில் 30 கிராம் தேயிலை கொதித்த வடிநீரில் பத்து நிமிடம் ஊறவைத்தால் பழுப்பு கலந்த வெள்ளை வரும். அதுதான் விளக்கடியில் வெள்ளையாகத் தெரியும். ஒரே வடிநீரில் இரண்டு சேலையையும் சேர்த்து நனைக்க வேண்டும். மாற்றுச் சேலை நிறம் வேறுபடக் கூடாது. நாடகம் நடக்கும் நாளெல்லாம் நீலம் போடாமல் துவைக்க வேண்டும்.

ஒளி முன்னாலிருந்து நேராக விழுந்தால் சேலை முகத்தைத் தின்றுவிடும். பக்கவாட்டில் 45 பாகையில் இரண்டு விளக்கு மஞ்சள் சாயலில், பின்னாலிருந்து ஒன்று, முன்விளக்கு 40 சதவீதத்துக்கு மேல் வேண்டாம். வண்ணச் சேலையை அவர் உடுத்துவதே இல்லை. பெட்டியிலிருந்து எடுக்கிறார், மடி பிரிக்கிறார், மறுபடி மடிக்கிறார். மேடையிலேயே சேலை மாற்றும் உத்தியை ஆலோசித்து விட்டுவிட்டோம். உள்ளே ஒரு சேலை, மேலே ஒரு சேலை என்றால் இடுப்பு பருத்து, தரையில் உட்கார்ந்து எழ முடியாது.

உரிமைகள்

பாட்டுகளைத் தேர்ந்தபோதே இதையும் பார்க்க வேண்டியிருந்தது. 1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டப்படி எழுத்துக்கும் இசைக்கும் உரிமை படைத்தவரின் ஆயுளும், இறந்த ஆண்டு முடிந்தபின் 60 ஆண்டும். வள்ளி திருமணம் நாடகத்தை எழுதிய சங்கரதாஸ் சுவாமிகள் 1922இல் மறைந்தார். ‘வருகலாமோ’ பாடிய கோபாலகிருஷ்ண பாரதி 19ஆம் நூற்றாண்டுக்காரர். வள்ளலார், அருணகிரிநாதர் பற்றிக் கேள்வியே இல்லை. இவர்களை மட்டும் வைத்தே நாடகத்தின் எல்லாப் பாட்டும் அமைந்திருக்கிறது. பாபநாசம் சிவன் 1973இல் மறைந்ததால் அவர் பாடல்களுக்கு 2033 முடிய உரிமை உண்டு. கண்ணதாசன் வரிகளுக்கு 2041 முடிய, கே.வி. மகாதேவன் இசைக்கு 2061 முடிய. படம் பழையது, உரிமை தீர்ந்திருக்கும் என்று எண்ணிப் படப்பாடலை எடுப்பது அடிக்கடி நடக்கும் தவறு. படத்துக்கு ஒரு கணக்கு, அதற்குள் இருக்கும் வரிக்கும் மெட்டுக்கும் வேறு கணக்கு.

கடிதங்களில் இன்னும் ஒரு சிக்கல். எழுதியவர் இறந்தபின் முதன்முதலாக அச்சான எழுத்துக்கு, அச்சான ஆண்டு முடிந்ததிலிருந்து 60 ஆண்டு எண்ண வேண்டும். கிட்டப்பா 1933இல் இறந்தார் என்பதால் அவர் கடிதங்கள் பொதுச்சொத்து என்று சொல்லிவிட முடியாது. அதனால் இந்த நாடகத்தில் கடிதக் கட்டு இருக்கிறது, ஒரு கடிதமும் படிக்கப்படுவதில்லை. கட்டை அவிழ்க்கிறார், மேலே இருப்பதை எடுக்கிறார், பாதி பிரித்துவிட்டு அதில் இல்லாத ஒன்றைப் பற்றிப் பேசுகிறார். படித்துக் காட்டுவதைவிட இது வலுவாகவே இருக்கிறது.

வாழ்க்கையைச் சொல்வதற்கு வாரிசுகளின் அனுமதி வேண்டுமா? பொது ஆவணங்களில் உள்ளதைச் சொல்லத் தடையில்லை என்பது 1994ஆம் ஆண்டு ராஜகோபால் வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்தது. ஒருவரின் அந்தரங்க உரிமை அவரோடு முடிந்துவிடுகிறது, வாரிசுக்குச் சொத்தாக இறங்குவதில்லை என்று ஜெயலலிதா வாழ்க்கைப் பட வழக்கில் 2021இல் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. கதையில் வரும் மற்றவர்களின் உயிரோடிருக்கும் உறவினர் விஷயம் வேறு; கிட்டப்பா குடும்பத்தார் யாரையும் பெயர் சொல்லி இந்நாடகத்தில் குறை கூறவில்லை. 1954ஆம் ஆண்டு நாடக நிகழ்ச்சிச் சட்டத்தின் கீழ் பிரதியைக் காவல்துறையிடம் முன்கூட்டியே காட்டும் ஏற்பாட்டை உயர் நீதிமன்றம் 2013இல் ரத்து செய்தது. ஆனாலும் அரங்கம் தருபவர்கள் பிரதி கேட்பது உண்டு. ஒரு படி கையில் இருக்கட்டும்.

ஊர் மாறும்போது

சாமான்கள் மொத்தம் ஒரு ட்ரங்குப் பெட்டி, ஒரு நாற்காலி, ஆர்மோனியம், செம்பு. ஒரு காரில் அடங்கும். புதிய அரங்கில் மாலை நாடகத்துக்குக் காலை பத்து மணிக்குள் நுழைய வேண்டும்: விளக்குக்கு இரண்டு மணி நேரம், ஒலிக்கு ஒன்று, நடிகை தனியாக மேடையில் நடந்து பழக அரை மணி. ஆர்மோனியத்தை வண்டியிலிருந்து இறக்கியதும் குளிரூட்டிக்கு நேர் எதிரே வைக்கக் கூடாது. சட்டென்று சூடும் குளிரும் மாறுவது ரீடுகளுக்கு ஆகாது.

ஆர்மோனியக்காரருக்கு மாற்று ஆள் போட நேர்ந்தால் முழு நாடகத்தையும் ஓட்டிப் பார்ப்பது இரண்டாம் வேலை. முதலில் தர்க்கத்தின் நான்கு சுற்றையும் நடிகையோடு உட்கார்ந்து முடிக்க வேண்டும். நல்ல வித்வான்களுக்குத்தான் இது கடினம். நான்காவது சுற்றில் கை தானாகப் பெட்டிக்குப் போய்விடும். துருத்தியைக் கொக்கி போட்டு மூடிவிட்டுக் கையை மடியில் வைத்துக்கொள்ளச் சொல்வதே சரியான வழி.